ஞாயிற்றுக்கிழமை விரதம் இருந்த நாய்

எங்கள் நாய் ஞாயிற்றுக்கிழமைதோறும் விரதம் இருப்பதாக பம்பாய் மாட்டுங்காவில் எங்கள் கட்டடம் முழுவதும் நம்பியது. அந்த நம்பிக்கையைத் தொடங்கிவைத்தவர் என் கணவர்.

மற்ற நாட்களில் தயிர்சாதத்தைத் தின்று முடித்துத் தட்டையும் நக்கி மெருகேற்றிவிட்டுப் போகிறவன், ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் தட்டைத் திரும்பியே பார்க்க மாட்டான். நெய் விட்டுப் பிசைந்து வைத்தாலும் மோந்துவிட்டு நகர்ந்துவிடுவான். ஞாயிறு சூரிய பகவானுக்கு உகந்த நாள், போன ஜன்மத்து வாசனை இது, என்றார் கணவர். அன்றைக்குக் குளித்துவிட்டு வந்ததும் தனக்கு இட்டுக்கொள்ளும் விபூதியில் ஒரு சிட்டிகை அவன் நெற்றியிலும் இடுவார். அவனும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிக்கொள்வான். மாடி வீட்டு மாமி தன் பிள்ளையிடம், “அந்த வாயில்லா ஜீவனுக்கு இருக்கற பக்தி உனக்கு இருக்கா?” என்று கேட்பது எங்கள் சமையலறை வரை கேட்கும்.

வருஷத்தில் மாசி, பங்குனி வாக்கில் மட்டும் சில வாரங்கள் ஞாயிற்றுக்கிழமையும் ஒழுங்காகச் சாப்பிடுவான். கணவருக்கு அது கொஞ்ச நாள் மனக்கிலேசம். பிறகு, “சூரியன் மீனத்துக்குப் போற சமயத்துல கொஞ்சம் தளர்த்திக்கலாம் போலருக்கு,” என்று முடிவு செய்தார். எந்த சாஸ்திரத்தில் இருக்கிறது என்று கேட்டேன். “அவாளுக்குன்னு தனியா இருக்கும்டி,” என்றார். நான் சிரித்துவிட்டு எழுதப் போய்விட்டேன்.

நான் எப்போதும் எழுதத்தான் போய்க்கொண்டிருந்தேன். அந்த நாய் எங்களிடம் குட்டியாக வந்த வருஷம் முதல் நாவலைத் தொடங்கினேன். அவன் வளர வளர இரண்டு, மூன்று என்று ஆயிற்று. மூன்றும் சென்னையில் ஒரு வாரப் பத்திரிகையில் தொடராக வந்து பிறகு புத்தகமானவை. மூன்றிலும் வருகிறவர்கள் எங்கள் தெருவைப் போன்ற தெருக்களில் இருப்பவர்கள். ஆபீஸுக்குப் போவார்கள், கச்சேரிக்குப் போவார்கள், ஜாதகம் பார்ப்பார்கள். ஒருவர்கூட ஸ்டேஷன் பாலத்தைத் தாண்டி அந்தப் பக்கம் போனதில்லை. அப்படி ஒரு பக்கம் இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. எனக்கும் ரயில் ஜன்னலிலிருந்து தெரிந்த அளவுதான்.

எழுதும்போது அவன் மேஜைக்கு அடியில் வந்து என் இடது பாதத்தின்மேல் முகவாயை வைத்துக்கொள்வான். எழுத்து நன்றாக ஓடினால் என் கால் அசையாது, அவனும் அசைய மாட்டான். எழுதுவது பொய் என்றால் எனக்குத் தெரிவதற்கு முன்பே என் கால் ஆடத் தொடங்கிவிடும் போலிருக்கிறது. அவன் எழுந்து வாசல் பக்கம் போய்விடுவான். அவன் எழுந்து போன இடங்களை எல்லாம் பிற்பாடு நான் அடித்துத் திருத்தியிருக்கிறேன். இதை வெளியே சொன்னால் பைத்தியம் என்பார்கள் என்று யாரிடமும் சொன்னதில்லை.

அறுபதுகளின் நடுவில் ஒரு வருஷம், மூன்றாவது நாவல் முடிந்து நாலாவது வரவில்லை. எழுதாமல் இருக்கும் எழுத்தாளரைப் போல ஒரு வீட்டுக்கு உபத்திரவம் வேறு கிடையாது. அரிசியைக் களைந்தால் களைந்துகொண்டே நிற்பேன். பால் பொங்கி வழிவதைப் பார்த்துக்கொண்டே நிற்பேன். “அடுத்த தொடர் எப்போது?” என்று சென்னையிலிருந்து கேட்டால், பாதி முடிந்துவிட்டது என்று கூசாமல் சொல்லிக்கொண்டிருந்தேன். மேஜைக்கு முன்னால் உட்கார்ந்தால் கால் ஆடும். அவன் மேஜைக்கு அடியில் வருவதையே விட்டுவிட்டான்.

அப்போதுதான் அவன் கிழவனாகிவிட்டதைப் பார்த்தேன். தினமும் பார்த்துக்கொண்டே பார்க்காமல் இருந்திருக்கிறேன். ஒரு கண்ணில் பாலாடை படர்ந்திருந்தது, மற்றதிலும் தொடங்கியிருந்தது. முகம் நரைத்துவிட்டது. படுத்தால் எழுந்திருக்கப் பின்னங்கால்கள் இரண்டு முறை யோசித்தன. இன்னொன்றும் பார்த்தேன். சாயங்காலம் விளக்கேற்றும் நேரத்தில் கிளம்பி எங்கோ போகிறான், ராச்சாப்பாட்டுக்கு முன்னால் வந்துவிடுகிறான். வருஷக்கணக்காக இது நடந்துகொண்டுதான் இருந்தது. கணவரிடம் கேட்டேன். “அவனும் ஆபீஸ் போயிட்டு வர மாதிரி காலாற நடந்துட்டு வரான். இத்தனை நாள் கேக்காத கேள்வியை இப்ப என்ன கேக்கறே?” என்றார்.

ஆனி மாதம் மழை பிடித்துக்கொண்டதும் அவனுக்கு மூச்சு இரைக்கத் தொடங்கியது. வீட்டுக்கு வந்து பார்த்த மிருக வைத்தியர், வயதாகிவிட்டது, இருதயம் பலவீனம், நனையக் கூடாது, நடக்கக் கூடாது, கதவைச் சாத்தி வைத்திருங்கள், கொஞ்ச காலம் இருப்பான் என்றார். கதவைச் சாத்தினோம். விளக்கேற்றும் நேரத்தில் கதவருகில் போய் நின்றான். குரைக்கவில்லை, பிறாண்டவில்லை, நின்றான். நேரம் கடந்ததும் அங்கேயே படுத்தான். மறுநாள் தட்டைத் தொடவில்லை. அதற்கு மறுநாளும் தொடவில்லை. ஞாயிறு, திங்கள் என்று கிழமை வித்தியாசமே இல்லாமல் எல்லா நாளும் அவனுக்கு விரதமாகிவிட்டது. கணவர் அதைப் பற்றி வேடிக்கையாக ஒரு வார்த்தை பேசவில்லை. விலா எலும்புகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன.

எங்களுக்குக் குழந்தை இல்லை. சொல்ல வேண்டிய இடம் இது என்பதால் சொல்கிறேன். அவன் போய்விட்டால் அந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு எப்படி உட்கார்ந்திருப்போம் என்று எனக்குப் பயமாக இருந்தது.

வைத்தியர் சொன்னது வைத்தியத்துக்குச் சரி. இவன் பட்டினி கிடந்து சாகப்போகிறான் என்பது எனக்குத் தெரிந்துவிட்டது. ஒரு சாயங்காலம் மழை சற்று விட்டிருந்தபோது கதவைத் திறந்துவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு அவன் பின்னாலேயே நடந்தேன். எங்கேதான் போகிறான் என்று பார்த்துவிடுவது, முடியாவிட்டால் தூக்கிக்கொண்டு வந்துவிடுவது என்று எண்ணம்.

நேராக ஸ்டேஷனுக்குப் போனான். பாலத்துப் படிக்கட்டின் கீழே நின்றான். ஏன் நிற்கிறான் என்று பார்த்தேன். ரயில் ஒன்று வந்து, ஜனங்கள் மொத்தமாக இறங்கி, கடைசி ஆள் போகும் வரை கைப்பிடிச் சுவரை ஒட்டிக் காத்திருந்தான். பிறகு ஏறினான். கண் பாதி தெரியாத நாய், ஒவ்வொரு படியையும் முன்னங்காலால் தொட்டுப் பார்த்து ஏறியது. நடுவில் இரண்டு இடத்தில் உட்கார்ந்து மூச்சு வாங்கினான். அது புதிதாக உட்காருவது போல இல்லை, அவனுடைய வழக்கமான இடங்கள் என்று பட்டது. அந்தப் பக்கம் இறங்கி, ரயில்வே பட்டறையின் நீண்ட சுவரை ஒட்டி வடக்கே திரும்பினான். தொழிலாளர்கள் குடியிருக்கும் லேபர் கேம்ப் பக்கம் போகிறான் என்று அப்போதுதான் புரிந்தது.

அங்கே அவனுக்கு வேறு பெயர் இருந்தது. பீடா கடைக்காரன் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். தண்ணீர்க் குழாயடியில் குடத்தோடு நின்ற பெண்கள் கூப்பிட்டார்கள். “எங்கல கெடந்த இத்தன நாளா? மெலிஞ்சி போயிட்டியே,” என்று ஒருத்தி கேட்டாள். அவன் ஒவ்வொருவருக்கும் ஒரு நிமிஷம் நின்று வாலை ஆட்டிவிட்டு நடந்தான். அவர்கள் என்னைப் பார்த்தார்கள். எங்கள் வீட்டில் எங்கள் காலடியில் கிடந்த நாய்க்கு ஊரில் பாதி பேர் தெரிந்தவர்கள். அவன் பின்னால் குடையோடு போகும் என்னைத்தான் யாரென்று யாருக்கும் தெரியவில்லை.

இரண்டு சந்து தாண்டி ஒரு கோலியின் முன்னால் போனான். கோலி என்றால் ஒற்றை அறை, அதுதான் முழு வீடு. கதவு திறந்திருந்தது. உள்ளே பாட்டு நடந்துகொண்டிருந்தது. பாயில் ஒரு அம்மாள், என் வயது இருக்கும். பக்கத்தில் பட்டறை உடுப்போடு அவள் கணவர். கல்லூரி வயதில் ஒரு மகள். மூவரும் கண்ணை மூடிக்கொண்டு பாடிக்கொண்டிருந்தார்கள். திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம், சாயங்கால ஜெபம். நிலைப்படிக்கு உள்பக்கம் ஒரு சாக்கு மடித்துப் போட்டிருந்தது. அவன் உள்ளே போய் அதன்மேல் படுத்து, முன்னங்கால்களை நீட்டி, முகவாயைத் தரையில் வைத்துக்கொண்டான்.

நான் வெளியிலேயே நின்றேன். பாட்டு முடிந்து அந்த அம்மாள் ஜெபம் செய்தாள். புத்தகத்தைப் பார்த்துச் சொல்வதில்லை, எதிரில் இருப்பவரிடம் வீட்டு விஷயம் பேசுகிற மாதிரி. கணவரின் முழங்கால் வலி, மகளின் பரீட்சை, ஊரில் மழை இல்லாதது, அடுத்த கோலியில் பிரசவத்துக்கு இருக்கிற பெண், எல்லையில் நிற்கிற பிள்ளைகள் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தவள், குரலில் ஒரு மாற்றமும் இல்லாமல் இதையும் சொன்னாள்.

“இந்த நாய்க்குச் சோறு போடுத இன்னொரு வீடு எங்கனயோ இருக்கு ஆண்டவரே. அது எங்க இருக்குன்னு எங்களுக்குத் தெரியாது, உமக்குத் தெரியும். கொஞ்ச நாளா இவனைக் காணும். அந்த வீட்ல என்ன கஷ்டமோ. அந்த வீட்டுக்காரங்களுக்கும் அவங்க பிள்ளைகளுக்கும் ஒரு குறையும் வராமப் பாத்துக்கிடும்.”

குடையை விரிக்கக்கூடத் தோன்றாமல் நின்றேன். தூறல் விழுந்துகொண்டிருந்தது. அவள் சொன்ன விதத்தில் இது இன்றைக்குப் புதிதாகச் சேர்த்தது இல்லை என்பது தெரிந்தது. தினமும் சொல்லிச் சொல்லி நாவில் பழகிய வார்த்தைகள். ஆமென் என்றார்கள். அந்தச் சொல்லைக் கேட்டதும் அவன் தலையைத் தூக்கினான். மூவரும் கண்ணைத் திறந்து அவனையும், வாசலில் நனைந்துகொண்டு நிற்கும் என்னையும் ஒன்றாகப் பார்த்தார்கள்.

நான் யாரென்று அந்த அம்மாளுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. “நீங்கதானா,” என்றாள். “உள்ள வாங்கம்மா. நனையாதீங்க.”

நிலைப்படியில் உட்கார்ந்தேன். அவள் ஒரு தகரத் தட்டில் சோறும் மீன் குழம்பும் பிசைந்து அவன் முன்னால் வைத்தாள். நாட்கணக்காக ஒன்றும் தின்னாதவன், தட்டு மூக்கடியில் இருந்தும் வாய் வைக்கவில்லை. அவர்கள் மூவரும் தங்கள் தட்டுகளின் முன்னால் உட்கார்ந்து சாப்பாட்டு ஜெபம் சொல்லி, இரண்டாவது ஆமென் வந்த பிறகுதான் தின்னத் தொடங்கினான். முழுவதும் தின்றான். எனக்கு அழுகை வந்துவிட்டது.

“எத்தனை வருஷமா வரான்?” என்று கேட்டேன்.

“இவ பாவாடை சட்டை போட்ட நாள்லேருந்து,” என்று மகளைக் காட்டினாள். “ஒரு மழையில ஒதுங்க வந்தான். ஜெபம் முடியுத மட்டும் அசையல. சோத்துக்குத்தான் வாரான்னு எங்க வீட்டுக்காரங்க சொல்லுவாக. நாமளும் அதத்தான தெனமும் கேக்கோம், இவன் கேட்டா என்னன்னு நான் சொல்லுவேன்.”

“இன்னொரு வீடு இருக்குன்னு எப்படித் தெரியும்?”

“ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம நெத்தியில விபூதியோட வருவான்மா,” என்றாள். “எங்க சபையில பாத்தா என்ன சொல்லுவாகளோன்னு இவுக பயப்படுவாக. நான் தொடச்சதில்ல. யாரோ ஆசையா வச்சு விட்டது.”

மகள் சிரித்தாள். “ஞாயித்துக்கெழம கறிக்குழம்புல்லா? அன்னைக்குக் கொஞ்சம் சீக்கிரமே வந்து குத்த வச்சிருவான். லெந்து நாள்ல மட்டும் ஏமாந்து போவான். நாங்க கறி எடுக்க மாட்டோம்.”

லெந்து என்பது ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலம். மாசி, பங்குனியில்தான் வரும். எனக்கு ஒரே நேரத்தில் சிரிப்பும் வந்தது, என்னவோ செய்தது. ஞாயிறுதோறும் அவன் காலையிலிருந்து வயிற்றைக் காயப்போட்டு வைத்திருந்தது இதற்குத்தான். ஆனால் அன்று ஞாயிற்றுக்கிழமை என்று விடியும்போதே அவனுக்கு எப்படித் தெரிந்தது? இன்றுவரை எனக்குத் தெரியாது. இரண்டு மதத்துக்கும் இடையில் ஒரு பஞ்சாங்கத்தைத் தலைக்குள் வைத்துக்கொண்டு, இரண்டு பெயருக்கும் திரும்பிப் பார்த்து, இரண்டு வீட்டையும் ஒன்றும் குறைவைக்காமல் நடத்தியிருக்கிறான். மனிதர்களைக் கவனித்து எழுதுகிறவள் என்று பெயர் எடுத்த நான், என் கால்மேல் கிடந்தவனின் பாதி ஆயுளைப் பார்க்கவில்லை.

அந்த அம்மாள் காப்பி போடட்டுமா என்று கேட்டாள். இப்போதுதான் குடித்துவிட்டு வந்தேன் என்றேன். அவளுக்குப் புரிந்தது. அவளுக்குப் புரிந்தது எனக்கும் தெரிந்தது. எங்கள் தெருவில் அந்தக் காலத்தில் அது அப்படித்தான். யாரும் யாரையும் கேட்டுக்கொள்வதில்லை.

“பிள்ளைக எத்தன?” என்று அவள் கேட்டாள்.

“எங்களுக்குக் கொழந்தை இல்லை.”

இல்லாத குழந்தைகளுக்காக இத்தனை வருஷம் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். “வீட்ல என்ன செய்யுதீக அப்ப?” என்றாள். கதை எழுதுகிறேன் என்றேன்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கறிக்குழம்பு வந்த இடத்தில் அவர் முகம் போன போக்கை விவரிக்க முடியாது. “ஞாயித்துக்கிழமை விசேஷ நாள்னுதானே நான் சொன்னேன். அதுல என்ன தப்பு?” என்றார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்திவிட்டு, “தினமுமா சொல்லியிருக்கா? நமக்காகவா?” என்று கேட்டார். நான் ஒரு வருஷம் ஆபரேஷன் ஆகி ஆஸ்பத்திரியில் கிடந்தேன். அவர் வேலை போய்விடும் என்று பயந்த மாதங்கள் உண்டு. அதெல்லாம் யாருக்கும் தெரியாது என்று நாங்கள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்த சாயங்காலங்களிலும், பாலத்துக்கு அந்தப் பக்கம் பெயர் தெரியாத ஒரு பெண் எங்களைச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். அதனால்தான் எல்லாம் சரியாயிற்று என்று நான் சொல்ல வரவில்லை. எனக்கு அந்த அளவு நம்பிக்கையும் கிடையாது. அப்படி ஒன்று நடந்துகொண்டே இருந்தது என்பதே எனக்குத் தாங்கவில்லை.

மறுநாளிலிருந்து அவனை நாங்களே கூட்டிக்கொண்டு போனோம். ஆபீஸ் ரயிலிலிருந்து இறங்கும் கணவர் பாலத்தடியில் காத்திருப்பார். அவனைத் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு படியேறி இறக்கிவிடுவார். கோலிக்குள் வர மாட்டார். சந்து முனையில் நின்று, இருட்டும் வரை வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவன் அங்கேயும் தின்றான், வீட்டிலும் கொஞ்சம் தயிர்சாதம் தின்றான். நான் நிலைப்படியில் உட்கார்ந்து ஜெபம் கேட்டேன். அதில் ஒரு திருத்தம் நடந்திருந்தது. பிள்ளைகள் இருந்த இடத்தில் இப்போது, “அந்த அம்மா எழுதுத கதை நல்லபடியா முடியணும் ஆண்டவரே,” என்று வந்தது. இல்லாத குழந்தைகளுக்குப் பதிலாக இல்லாத கதை. அதுவும் கிடையாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வெட்கத்தில் ஒரு நாள் மத்தியானம் மேஜைக்கு முன்னால் போய் உட்கார்ந்தேன். பாலத்துப் படிக்கட்டில் ரயில் கூட்டம் இறங்கக் காத்திருக்கும் ஒருத்தியைப் பற்றி நாலு வரி எழுதினேன். அவன் தட்டுத் தடுமாறி வந்து மேஜைக்கு அடியில் படுத்தான்.

மழைக்காலம் முடியும்போது, ஒரு நாள் காலையில், கணவர் சவரம் செய்துகொண்டிருக்கையில் வாசல் மிதியடிமேல் படுத்தபடியே போய்விட்டான். கட்டடத்தின் பின்னால் பவழமல்லிக்குக் கீழே கணவர் குழி வெட்டினார். எந்தக் கிழமை என்று பார்க்காமல் நெற்றியில் விபூதி இட்டார். பிறகு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டுவிட்டார்.

சாயங்காலம் நான் மட்டும் போனேன். ரயில் கூட்டம் இறங்கும் வரை படிக்கட்டில் நின்றுவிட்டு ஏறினேன். குழாயடிப் பெண்கள் என் பின்னால் பார்த்துவிட்டுக் குடத்தை நகர்த்தி வழிவிட்டார்கள். கோலியில் சாக்கு மடித்துப் போட்டிருந்தது. அந்த அம்மாள் என் வெறுங்கையைப் பார்த்தாள்.

“எப்பம்மா?”

“காலம்பற.”

நிலைப்படியில் எனக்கு உட்காரத் தோன்றவில்லை. உள்ளே போய்ச் சாக்கின்மேல் உட்கார்ந்தேன். அவர்கள் பாடினார்கள். மகள் பாதியில் நிறுத்திவிட்டாள், மற்ற இருவரும்தான் பாடி முடித்தார்கள். பிறகு அந்த அம்மாள் முழங்கால் வலியைச் சொன்னாள், பரீட்சையைச் சொன்னாள், அடுத்த கோலியில் பிறந்திருந்த பிள்ளையைச் சொன்னாள். எங்கள் இடம் வந்ததும் நின்றுவிட்டாள். நாய் இல்லை, இனி அந்த வார்த்தைக்கு வேலையில்லை, நாங்கள் அவள் கணக்கிலிருந்து போய்விடுவோம் என்று நினைத்தேன். அந்த நிமிஷத்தில் அவனே இரண்டாம் முறை செத்ததுபோல் இருந்தது எனக்கு.

“இந்த நாய்க்குச் சோறு போட்ட இன்னொரு வீடு இருக்கு ஆண்டவரே,” என்றாள். “அது எங்க இருக்குன்னு இப்ப எங்களுக்கும் தெரியும்.” ஆமென் என்றாள்.

அவர்களுக்குத் தட்டு வைக்க எழுந்தாள். பழக்கத்தில் கை தகரத் தட்டுக்குப் போய்த் திரும்பியது.

“எனக்கும் சாப்பாடு போடுங்கோ,” என்றேன்.

அவள் திரும்பிப் பார்த்தாள். “இன்னைக்கு ரசந்தாம்மா,” என்றாள். “ஆனா எல்லாம் கறி மீன் வச்ச சட்டிதான்.”

“பரவாயில்லை,” என்றேன்.

சோற்றைப் போட்டு ரசத்தை ஊற்றி என் முன்னால் வைத்தாள். காலையிலிருந்து ஒன்றும் தின்னாதது அப்போதுதான் தெரிந்தது. கை தானாகத் தட்டுக்குப் போனது. நிமிர்ந்தால் மூவரும் கண்ணை மூடியிருந்தார்கள். கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அவன் அத்தனை வருஷம் படுத்திருந்த சாக்கில் உட்கார்ந்து, இரண்டாவது ஆமென் வரும் வரை நானும் காத்திருந்தேன்.